கூப்பனை விற்றுவிட மாட்டார்களா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அகதி முகாம்களில் உணவு வழங்குவது பற்றிப் போன வாரம் பேசினேன் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "நகரத்தில் வாடகைக்கு இருக்கும் அகதிகளுக்கும் அரிசி, பருப்பையே கொடுத்துவிடலாமே? எதற்குக் கூப்பன்? அதை விற்றுக் காசாக்கிவிட மாட்டார்களா?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

முதலில் விற்பதைப் பற்றிச் சொல்கிறேன். மூட்டையாகக் கொடுத்தாலும் விற்கத்தான் செய்வார்கள். என் பாட்டி ரேஷன் கோதுமையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, வந்த காசில் முட்டை வாங்குவார். எங்கள் வீட்டில் சப்பாத்தி சாப்பிட ஆளில்லை, பிள்ளைகளுக்கு முட்டை வேண்டும், அவ்வளவுதான். கடை விலையைவிடக் குறைத்துத்தான் கொடுப்பார். அந்த நஷ்டம் அவருக்கு. அவர் யாரை ஏமாற்றினார், சொல்லுங்கள்?

இப்போது சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸுக்கு வருவோம். ஈராக்கில் ரத்தக்களரி நடந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் சிரியாவுக்கு ஓடிவந்தார்கள். அவர்கள் கூடாரத்தில் இல்லை. ஜரமானா, சயிதா ஜைனப் போன்ற பகுதிகளில் வாடகைக்கு அறை எடுத்துச் சிதறி இருந்தார்கள். முகாம் என்றால் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தலாம். நகரத்தில் எந்தத் தெருவில் நிறுத்துவது? மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏற வேண்டும், அது ஊருக்கே தெரியும். ஆனால் தெருமுனையில் கடை இருக்கிறது, கடையில் சரக்கும் இருக்கிறது. இல்லாதது காசு மட்டும்தான்.

அதனால் 2009 அக்டோபரில் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் ஒரு சோதனை செய்தது. 1,000 ஈராக்கியக் குடும்பங்களுக்கு சிம் கார்டு கொடுத்து, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகவே கூப்பனை அனுப்பினார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஆளுக்கு 22 டாலர். அதைக் குறிப்பிட்ட அரசுக் கடைகளில் காட்டி அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய் வாங்கலாம். அதோடு முட்டையும் பாலாடைக்கட்டியும்! நிவாரண மூட்டையில் முட்டையைப் போட்டுக் கட்ட முடியுமா? மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கித் தீர்க்கவும் வேண்டாம். கொஞ்சம் வாங்கினால், மீதி எவ்வளவு என்று இன்னொரு செய்தி வரும்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். இன்று ராத்திரி அடுப்பில் என்ன ஏற்றுவது என்று அந்த வீட்டுப் பெண் தானே முடிவு செய்கிறாள். ஊரையும் வீட்டையும் விட்டு வந்தவளுக்கு அது சின்ன விஷயமே இல்லை. என் பாட்டி சுற்றி வளைத்து நஷ்டப்பட்டு வாங்கிய முட்டை, இவளுக்கு நேராகக் கிடைக்கிறது.

கூப்பனிலும் குறை இல்லாமல் இல்லை. குறிப்பிட்ட கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் கடைக்காரர் விலையை ஏற்றலாம். வாடகை பாக்கி கழுத்தை நெரிக்கும்போது, நேயர் சொன்னபடி கூப்பனையே குறைந்த விலைக்கு விற்பவர்களும் உண்டு. அவர்களைத் திட்டும் முன் வாடகையை நினைத்துப் பாருங்கள். நகரத்து அகதிக்கு வயிற்றுக்கு அடுத்த பெரிய செலவு அதுதான். துருக்கியில் 2016 நவம்பரில், ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில், செம்பிறைச் சங்கத்தின் (நம்மூர் செஞ்சிலுவைச் சங்கம் மாதிரி) அட்டை வழியாகத் தகுதியுள்ள அகதிக் குடும்பங்களுக்கு மாதம் ஆளுக்கு 100 லிரா ரொக்கமாகவே கொடுக்கத் தொடங்கினார்கள். அரிசியோ வாடகையோ, அவர்கள் இஷ்டம்.

உண்மையில் நீங்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை: "கூப்பன் திடீரென்று நின்றுபோனால்?" நின்றுபோயிருக்கிறது. ஈராக்கியர்களுக்கு இடம் கொடுத்த சிரியாவிலேயே பிறகு போர் வந்து, சிரியர்களும் அகதிகளானார்கள். 2014 டிசம்பர் 1, குளிர்காலம் தொடங்கும் நேரம். பணம் இல்லை என்று லெபனான், ஜோர்டான், துருக்கி, எகிப்து நாடுகளில் இருந்த சுமார் 17 லட்சம் சிரிய அகதிகளுக்கான கூப்பனை உலக உணவுத் திட்டம் நிறுத்தியது. நன்கொடை கேட்டு அந்த அமைப்பு மக்களிடம் கையேந்தியது. அரசுகளும் தனி மனிதர்களும் கொடுத்ததில் சில நாட்களிலேயே மீண்டும் தொடங்க முடிந்தது. ஆனால் அடுத்த கோடையில் லெபனானில் ஆளுக்கு மாதம் 13.50 டாலர் என்று குறைத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு அரை டாலர்கூட வரவில்லை. அதிலும் வெளியே சமைக்க ஒரு முற்றம், விதைக்க ஒரு துண்டு நிலம் எதுவும் இல்லாத நகரத்து அறையில். அந்தக் கோடையில் அந்தக் குடும்பங்கள் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தன என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பேசுகிறேன்.