காற்றுக்கு விலையில்லை, வட்டிக்கு உண்டு

(நாகர்கோவிலில் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். சுவரொட்டியில் 'வளர்ந்த நாடுகளில் நிதி, தொழில்நுட்பம், சுற்றுச்சூழல்' என்று நீளமாகப் போட்டுவிட்டார்கள். நான் பேராசிரியர் இல்லை. வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவன். அதனால் எனக்கு வட்டியிலிருந்துதான் தொடங்கத் தெரியும்.

போன வாரம் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்தேன். ஆரல்வாய்மொழி தாண்டும்வரை காற்று ஜன்னல் ஷட்டரைப் போட்டு அடித்தது. தோவாளையில் ஒரு அம்மா பிச்சிப்பூ மூட்டையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் தெரிந்த காற்றாலைகளைக் காட்டி, "சாரே, இந்தக் காத்தாடிக்குக் கரியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். காத்து சும்மா வருது. அப்புறம் கரண்டுக்கு எதுக்குப் பைசா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அனல்மின் நிலையத்துக்கு வருஷா வருஷம் நிலக்கரி வாங்க வேண்டும். காற்றாலைக்கு எரிபொருள் செலவே கிடையாது. ஆனால் செலவில் பெரும்பகுதியை முதல் நாளே கொட்டியாக வேண்டும். கடன் வாங்கித்தான் கொட்ட முடியும். ஒரு கோடி ரூபாய் கடனை 20 வருஷத்தில் அடைப்பதாக வையுங்கள். 4 சதவீத வட்டி என்றால் வருஷத் தவணை சுமார் 7.36 லட்சம். 10 சதவீதம் என்றால் 11.75 லட்சம். அதே இயந்திரம், அதே காற்று. யூனிட் விலையில் தெரிகிற வித்தியாசம் முழுக்க வட்டிதான். பணக்கார நாடுகளுக்குக் கிடைத்த பெரிய வசதி மலிவான கடன். அவர்களுடைய அறிவியலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அறிவியல் நமக்கும் வந்துவிடுகிறது, வட்டி விகிதம்தான் வருவதில்லை.

இதை அந்த அம்மாவிடம் பாதி சொல்வதற்குள் அவர் சிரித்துவிட்டார். "வட்டின்னா எனக்குத் தெரியாதா? காலையில தொண்ணூறு வாங்கி, சாயங்காலம் நூறு குடுக்கேன்." அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

சரி, டென்மார்க்குக்குப் போவோம். எண்ணெய் விலை எகிறிய 1973 நெருக்கடியில் அடிபட்டு, காற்றுப் பக்கம் திரும்பிய நாடு அது. கடலுக்குள் காற்றாலைப் பண்ணை வைத்த முதல் நாடும் அதுதான்: 1991-இல் விண்டபி என்ற இடத்தில் 11 காற்றாலைகள். எனக்குப் பிடித்தது அதற்கடுத்து நடந்தது. கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே மிடல்குருண்டன் என்ற இடத்தில் 2000-இல் 20 காற்றாலைகள் நின்றன, மொத்தம் 40 மெகாவாட். அதில் பாதிக்குச் சொந்தக்காரர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் 8000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். நம்மூர் பால் சங்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். வாசலில் நிற்கும் காற்றாலை தன் பங்காக இருக்கும்போது, கடல் அழகு கெட்டுவிட்டது என்று வழக்குப் போடுகிறவர்கள் குறைவு.

ஜெர்மனி வேறு வழியில் போனது. 2000-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, கூரையில் சூரியத் தகடு வைத்தவருக்கும் அவர் தரும் மின்சாரத்துக்கு 20 வருஷம் சந்தையைவிடக் கூடுதலான, நிலையான விலை தருவோம் என்றது. கடன் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்தவனுக்கு இதன் அருமை தெரியும். அடுத்த 20 வருஷ வருமானம் சட்டத்திலேயே எழுதியிருந்தால் மேலாளர் கையெழுத்துப் போட யோசிக்க மாட்டார். அந்தக் கூடுதல் விலையை ஜெர்மன் குடும்பங்கள் மின்கட்டணத்தில் கட்டின. அந்தத் தேவையை நம்பிச் சீனத் தொழிற்சாலைகள் பெருகித் தகடு மலிந்தது. இன்று மார்த்தாண்டத்தில் ஒருவர் மாடியில் தகடு போடுகிறார் என்றால் அதில் அந்தக் குடும்பங்களின் காசும் கொஞ்சம் இருக்கிறது.

வட்டி ஏறினால் என்ன ஆகும்? டென்மார்க் அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் ஓர்ஸ்டெட் நிறுவனம், அமெரிக்காவின் நியூஜெர்சி கடலில் திட்டமிட்ட இரண்டு காற்றாலைப் பண்ணைகளை 2023 நவம்பரில் கைவிட்டது. சொன்ன காரணங்களில் ஒன்று வட்டி உயர்வு. காற்று அங்கேயேதான் வீசிக்கொண்டிருந்தது.

வரிச்சலுகைக்கு இன்னொரு முகம் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் காற்றாலை வைத்தால் வரி மிச்சம். ஆல்டமாண்ட் கணவாயில் ஆயிரக்கணக்கில் நட்டார்கள். பல பாதி நாள் ஓடவில்லை. பொன்னாங்கழுகுகள் அடிபட்டுச் செத்ததுதான் மிச்சம். நம் முப்பந்தல் பக்கமும் அப்படி ஒரு காலம் இருந்தது. இயந்திரத்தின் மதிப்பில் பெரும்பகுதியை முதல் வருஷத்திலேயே தேய்மானச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்கலாம் என்றதும் ஆலை முதலாளிகள் வந்து நட்டார்கள். 2012-இல் அந்தச் சலுகையை நிறுத்தியபோது புதிதாக நடுவது சரிந்தது, 2014-இல் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் வரிக்காக நட்ட காற்றாலையும் மின்சாரம் தரத்தான் செய்கிறது. அதனால் நான் ரொம்பத் திட்டமாட்டேன்.

அப்புறம் தொழில்நுட்பம். இயந்திரம் சிக்கனமானால் செலவு குறையும் என்று நாம் நினைக்கிறோம். நீராவி இயந்திரம் மேம்பட மேம்பட நிலக்கரி கூடுதலாகத்தான் எரிகிறது என்று ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1865-லேயே எழுதினார். இன்றைய சாட்சி அயர்லாந்து. கணினிச் சில்லுகள் வருஷா வருஷம் சிக்கனமாகின்றன. ஆனால் அந்த நாட்டு மின்சாரத்தில், இணையத்துக்கான கணினிகளை வரிசையாக அடுக்கியிருக்கும் தரவு மையங்கள் எடுத்தது 2015-இல் 5 சதவீதம், 2023-இல் 21 சதவீதம். நகரத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுத்ததைவிட அது அதிகம். மிச்சம் பிடித்ததைப் புதுப் பசி தின்றுவிட்டது.

நார்வேயைக் கேட்பீர்கள். 2024-இல் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது பேட்டரிக் கார். வெளிநாட்டுக்கு எண்ணெயும் எரிவாயுவும் விற்பது மட்டும் நிற்கவில்லை. கள்ளுக்கடை நடத்துகிறவர் தான் மட்டும் குடிக்காமல் இருக்கிற மாதிரி.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன், முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்படித்தான் மணவாளக்குறிச்சி மணல் உலகத்துக்குத் தெரிந்தது. அதில் இருக்கும் தோரியம் என்ற உலோகம் எதற்கு? வாயு விளக்கின் மேண்டிலுக்கு. கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸ் கொளுத்தியவர்களுக்கு அந்த வெள்ளை வலைப்பை தெரியும். ஐரோப்பியத் தெருக்கள் வெளிச்சமாக நம் கடற்கரையில் மணல் அள்ளினார்கள்.

இப்போது அதே மோனசைட்டில் இருக்கும் நியோடிமியம் என்ற இன்னொரு உலோகம் கடல் காற்றாலைகளின் காந்தத்துக்கும் மின்கார் மோட்டாருக்கும் வேண்டியிருக்கிறது. கோபன்ஹேகன் கணக்கில் அது பசுமை. அதே கனிமத்துக்காகக் கிள்ளியூர் வட்டத்துக் கடற்கரையில் மணல் எடுக்கும் திட்டம் வருகிறது என்றால், அங்குள்ளவர்களுக்கு அது கரை, வள்ளம், வலை, வீட்டுக்குள் வரும் அலை. காற்றாலைக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் தாளில் வட்டிக்கு ஒரு பத்தி இருக்கும், தேய்மானத்துக்கு ஒரு பத்தி இருக்கும். இந்தக் கரைக்கென்று ஒரு பத்தியை முப்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. நானும் சேர்க்கச் சொன்னதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். வட்டி பற்றியானால் என்னிடம். மணல் பற்றியானால் முதல் வரிசையில் கடற்கரையிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், மைக்கை அவர்களிடம் கொடுங்கள்.