தொட்டியில் மிஞ்சும் தீவனம்

நேயர்களுக்கு வணக்கம். பன்றியைப் பற்றிப் பேச வானொலி நிலையத்துக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். முப்பது வருஷம் கால்நடை மருத்துவராக இருந்தவன் நான். கத்திரி வெயில் வந்தால் போதும், எனக்கு வந்த புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டர், குட்டி போட்ட பன்றி தீவனத்தைத் தொடமாட்டேங்குது, ஒரு ஊசி போடுங்க."

காய்ச்சல் இருக்கிறதா, மடி வீங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். அது இல்லையென்றால் ஊசியைக் கீழே வையுங்கள். நமக்கு வேர்க்கும், காற்றுப் பட்டால் குளிரும். பன்றிக்கு அப்படி வேர்க்காது. சேற்றில் புரளும், இல்லாவிட்டால் மூச்சிரைக்கும். தின்றது செரிக்கும்போதும் சூடு, பால் சுரக்கும்போதும் சூடு. வெளியே நெருப்பாக இருக்கும்போது உள்ளேயும் அடுப்பு மூட்டுவானேன் என்றுதான் அது தீனியைக் குறைத்துக்கொள்கிறது.

நாம் வளர்க்கும் வெண்பன்றியின் பூர்வீகம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர். பால் கொடுக்கும் தாய்க்கு 18 முதல் 22 டிகிரிதான் சுகம். 25-ஐத் தாண்டினால் தீனி குறையத் தொடங்கும். பிறந்த குட்டிக்கோ 32 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒரே கொட்டகை, இரண்டு கோரிக்கை! குட்டிக்கு மூலையில் பல்பு, தாய்க்கு மறுபக்கம் காற்று. வேறு வழியில்லை.

குட்டிகளோ விடாமல் முட்டிக் குடிக்கும். தாய் தின்னாவிட்டால் தன் சதையையும் கொழுப்பையும் கரைத்துத்தான் பால் தரும். பாலும் குறையும், குட்டி நோஞ்சானாகும். பால் மறக்கடித்தபின் ஒரு வாரத்தில் பருவத்துக்கு வரவேண்டிய தாய், எலும்பும் தோலுமாக நின்றுவிடும். நஷ்டம் அடுத்த ஈற்றிலும் தொடரும்.

ஒரு கதை சொல்கிறேன். பத்து தாய்ப்பன்றி வைத்திருந்த ஒரு அக்கா. மே மாதம், மத்தியானம் இரண்டு மணி. "தண்ணிக்குக் குறையே இல்லை டாக்டர், நிப்பிள் போட்டிருக்கேன்" என்றார். பன்றி வாயால் அழுத்தினால் தண்ணீர் விடும் குழாய்முனைதான் நிப்பிள். அதை அழுத்தினேன். கை சுட்டது! மொட்டைவெயிலில் கறுப்பு டேங்க், அதிலிருந்து தரைமேலேயே கறுப்புக் குழாய். பால் கொடுக்கும் பன்றி நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் குடிக்கும். வெந்நீரை யார் குடிப்பார்கள்? அது குடிக்கவில்லை, அதனால் தின்னவில்லை. அக்கா அன்றே குழாய்மேல் ஈரச்சாக்கைச் சுற்றினார், டேங்குக்குத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டார். நாலாம் நாள் போன் வந்தது: "தொட்டியை நக்கி வெச்சிருக்கு டாக்டர்." நான் போட்ட ஊசி? ஒன்றுமில்லை. மறுபடி சொல்கிறேன், முதலில் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். நிப்பிளில் நிமிஷத்துக்கு 2 லிட்டராவது வருகிறதா என்று செம்பு வைத்துப் பிடித்தும் பாருங்கள்.

அடுத்தது நேரம். தாய்க்கு 2 கிலோ, குட்டிக்குக் கால் கிலோ வீதம் கணக்கு வைத்தால், பத்துக் குட்டிக்காரிக்கு நாளைக்கு நாலரை கிலோ தீவனம். அதை மத்தியானம் கொட்டினால் புளித்துப்போகும், அப்புறம் மோந்துகூடப் பார்க்காது. விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு பங்கு, இருட்டியபின் ஒரு பங்கு, படுக்கப்போகுமுன் ஒரு பங்கு. தண்ணீர் தெளித்துப் பிசைந்து வையுங்கள். முன்பெல்லாம் ராத்திரி கொஞ்சமாவது குளிர்ந்தது. இப்போது சென்னைப் பக்கம் மே மாத விடியலில்கூட 25 டிகிரி கிடைப்பதில்லை. பகல் வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். என் கவலை அந்தப் புழுக்கமான ராத்திரிதான். பன்றி சாப்பிடும் வேளையே அதுதானே?

பால் ஊறட்டும் என்று பிண்ணாக்கை அள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். தேவைக்கு மிஞ்சிய புரதமும் தவிட்டின் நாரும் சூட்டைக் கூட்டும். தவிட்டைக் குறைத்து மக்காச்சோளத்தைக் கூட்டுங்கள், கொஞ்சம் எண்ணெய் சேருங்கள். எண்ணெய் செரிக்கும்போது சூடு குறைவு. ஓட்டல் மிச்சம் போடுகிறவர்கள்...

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம்தான்! ஓட்டல் மிச்சத்தை நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் போடவேண்டும். மிச்சத்தில் கிடக்கும் பன்றிக்கறி வழியாகவும் பரவும் நோய், 2020-இல் அசாமுக்கு வந்த ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல்; அதை மறந்துவிடாதீர்கள். தாயின் கழுத்திலும் தோளிலும் சொட்டுநீர் விடலாம், குட்டி நனையக்கூடாது. கூரையைப் பற்றிப் பேச ஒரு தாள் எழுதி வந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து வைக்கோல் பரப்புங்கள், பாக்கி இன்னொரு நாள். வணக்கம்.