நமக்கும் ஒரு ‘ங்க’

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கொங்குப் பேச்சில் ‘ங்க’ என்றொரு சின்னஞ்சிறு ஒட்டு உண்டு. பெரியவர்களிடம் மட்டுமல்லாமல், காய்கறிக்காரரிடமும், பேருந்து நடத்துநரிடமும், தொட்டிலை விட்டு இறங்கி நாலு நாளான பிள்ளையிடமும்கூட, ‘சொல்லுங்க’, ‘வாங்க கண்ணு’, ‘சாப்பிடுங்க சாமி’ என்று அதை ஒட்டித்தான் பேசுகிறோம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேலி செய்வதுண்டு. கோயமுத்தூர்ப் பக்கம் சண்டை போட்டால்கூட மரியாதையாகத்தான் திட்டுவார்கள் என்பார்கள். அந்தக் கேலி எனக்கு எப்போதும் பெருமையாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால், இந்த ‘ங்க’வை நாம் ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் தருவதில்லை என்பதைக் கவனிக்க எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டால், மின்கட்டணம் கட்டும் கடைசி நாளை மறந்துவிட்டால், நாம் நமக்குள் சொல்லிக்கொள்வது என்ன? ‘கூறுகெட்டவளே, உனக்குக் கண்ணு எங்கே போச்சு?’ என்பதுதானே? அதே பாலைப் பக்கத்து வீட்டுப் பெண் பொங்கவிட்டிருந்தால், ‘விடுங்க அம்மிணி, பால் பொங்குறது நல்லதுதானுங்க’ என்று சொல்லிவிட்டு, அடுப்பைத் துடைக்கத் துணியும் எடுத்துக் கொடுத்திருப்போம்.

நான் உளவியல் படித்தவள் அல்லள். பல்லடம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்து, 2016-இல் ஓய்வு பெற்றவள். அன்றாட வாழ்விலிருந்து மனத்துக்கு ஊக்கம் பெறுவது பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, ஊக்கம் என்றதும் என் கைப்பேசிக்குத் தினமும் காலையில் வந்து குவியும் சூரியோதயப் படங்களும் ரோஜாப்பூக்களும் பொன்மொழிகளும்தாம் நினைவுக்கு வந்தன. உண்மையைச் சொன்னால், அவற்றில் ஒன்றைக்கூட நான் முழுதாகப் படித்ததில்லை. என்னைக் கொஞ்சமேனும் மாற்றியது எங்கள் தெருவில் இருந்த ஒரு தறிக்குடோனில் ஒரு மத்தியானப் பொழுதில் நான் பார்த்த வேலை. அதைச் சொல்வதற்கு முன் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும்.

1994-ஆம் ஆண்டு அரையாண்டுத் தேர்வு. ஒன்பதாம் வகுப்பில் மூன்று பிரிவுகளின் விடைத்தாள்கள் என்னிடம் இருந்தன. இரவு பதினொரு மணிக்கு மேல், தாளின் முகப்பில் இருந்த கூட்டுத்தொகையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே போனபோது, ஒரு பையனின் 43 என்ற மதிப்பெண்ணை 34 என்று எழுதிவிட்டேன். தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். விடுமுறை முடிந்து ரேங்க் கார்டு வீட்டுக்குப் போயிற்று. அவனுடைய அப்பா சொந்தமாக நான்கு விசைத்தறிகள் வைத்து ஓட்டியவர். கணக்கு வராத பிள்ளை தறிக்கு வரட்டும் என்று முடிவு செய்துவிட்டார். மூன்று நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் வகுப்பில் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது, வாங்குவதற்கு ஆளில்லாமல் மேசைமேல் தங்கிய ஒரே தாளில், என் கையெழுத்திலேயே, சிவப்பு மையில், 43 என்று இருந்தது.

அன்று மாலையே தாளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அப்பா என்மேல் கோபப்படவில்லை. முதலில் என்னை உட்காரச் சொன்னார். தறிக்குடோன் வாசலில் தலையெல்லாம் பஞ்சு ஒட்ட நின்றுகொண்டிருந்த பையன், நான் மன்னிப்புக் கேட்டதும் கூச்சத்தோடு, ‘பரவாயில்லீங்க டீச்சர்’ என்றான். மறுநாள் வகுப்பில் இருந்தான். அவனைப் பொறுத்தவரை அந்த விஷயம் அத்தோடு முடிந்தது. எனக்கு முடிய பதினோரு ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு தேர்வு வந்தபோதும், ‘ஒரு பிள்ளையின் படிப்பையே கெடுக்கப் பார்த்தவள்தானே நீ’ என்று எனக்குள்ளிருந்து ஒரு குரல் தொடங்கிவிடும். அந்தக் குரலுக்குப் பயந்து ஒவ்வொரு தாளையும் மூன்று முறை கூட்டினேன். இரவு இரண்டு மணிக்குப் படுத்தேன். மறுநாள் வகுப்பில் எரிந்து விழுந்தேன். சரி, அதனால் பிழை நின்றதா என்றால், அதுவும் இல்லை. அந்தப் பதினோரு ஆண்டுகளில் இன்னும் இரண்டு முறை மதிப்பெண்ணைத் தவறாகப் பதிந்தேன். நல்ல வேளையாக, கார்டு வீட்டுக்குப் போகுமுன் கண்டுபிடித்துவிட்டேன்.

2005-ஆம் ஆண்டு மே விடுமுறையில், ஒரு விசேஷத்துக்குச் சொல்லிவிட்டு வரப் பக்கத்துத் தறிக்குடோனுக்குப் போனேன். சோமனூர், பல்லடம் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாயம் போடாத காடா துணி ஓடும் தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளின் தொகுதி, தீர்ந்ததும், அதன் கடைசி முழத்தைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவு சுற்றிய பீம் என்னும் உருளையைப் பின்னால் ஏற்றி, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒவ்வொன்றையும் சேர்ப்பார்கள். இதற்குப் பாவு பிணைத்தல் என்று பெயர். அன்று அந்த வேலைக்கு வந்திருந்த அக்கா ஒரு குட்டை முக்காலியில் அமர்ந்து, விரல் வழுக்காமலிருக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு இழைகளையும் வைத்து ஒரு முறுக்கு முறுக்கி விட்டுக்கொண்டிருந்தார். முடிச்சுப் போடுவதில்லை. முடிச்சு தடித்தால், இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலும், சீப்புப்போலப் பல் பல்லாக இருக்கும் அச்சிலும் நுழையாமல் சிக்கிக்கொள்ளும். முறுக்கினால் இழை இழையளவே இருக்கும். அந்தப் பாவில் மூவாயிரம் இழைக்கு மேல் இருக்கும் என்றார். அவ்வளவையும் பிணைத்து முடித்தபின், பிணைத்த இடம் அச்சைக் கடந்து முன்னால் வரும்வரை மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். இழுக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இழைகள் அறுந்தன. அக்கா முகம் சுளிக்கவில்லை, உச்சுக்கொட்டவும் இல்லை. அறுந்த நுனியைத் தேடி எடுத்தார், முறுக்கினார், அடுத்ததற்குப் போனார்.

‘இத்தனை அறுந்தால் உங்களுக்குச் சலிப்பாக இருக்காதா?’ என்று கேட்டேன். நிமிராமலேயே சொன்னார்: ‘அறுந்துதுன்னா எடுத்துப் பிணைக்கோணும், அவ்வளவுதானுங்க டீச்சர். இழைகூடவா சண்டை போடுறது?’ சற்றுக் கழித்து, தானாகவே இன்னொன்றும் சொன்னார்: ‘ஒரே எடத்துல மறுக்கா மறுக்கா அறுந்துதுன்னா, அப்போ அச்சைப் பாக்கோணுமுங்க. பல்லு வளைஞ்சிருக்கும்.’

அந்த முதல் வாக்கியத்தைக் கேட்டு நெகிழ்ந்துவிடுவது எளிது. என்னை உலுக்கியது இரண்டாவது வாக்கியம். பதினோரு ஆண்டுகளாக நான் இழையோடுதான் சண்டை போட்டிருக்கிறேன். அச்சை ஒருநாளும் பார்க்கவில்லை. மூன்று கட்டுத் தாள்களைத் திருத்திய கண்களோடு, இரவு பதினொரு மணிக்கு மேல், தனியாக உட்கார்ந்து பதிவேட்டில் எழுதியதால் அல்லவா 43 எனக்கு 34 ஆகத் தெரிந்தது? அடுத்த தேர்விலிருந்து பதிவேட்டை இரவில் தொடுவதை விட்டேன். பகலில், ஆசிரியர் அறையில், உடன் பணியாற்றிய தமிழாசிரியை தாளைப் பார்த்து எண்ணை உரக்க வாசிக்க, நான் எழுதினேன். அவர் பதிவேட்டை நான் அப்படியே வாசித்துக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. இவ்வளவு எளிய வழி ஏன் அதற்கு முன் தோன்றவில்லை என்றால், அடி விழுமோ என்று ஒடுங்கி நிற்கும் பிள்ளைக்குக் கணக்கு ஓடாது என்பதுதான் காரணம். அதை வகுப்பறையில் ஆயிரம் முறை பார்த்தவள் நான். எனக்குள்ளும் அதே பிள்ளைதான் நின்றுகொண்டிருந்தது என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

இதைப் பற்றி அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கிறிஸ்டின் நெஃப் என்னும் அமெரிக்க உளவியலாளர் 2003-இல் வெளியிட்ட கட்டுரைகளில், தன்மேல் காட்டும் பரிவு என்பதை மூன்று கூறுகளாகப் பிரித்து, அதை அளந்து பார்க்க 26 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலையும் உருவாக்கினார். தன்னிடம் கனிவாக இருப்பது முதல் கூறு. தவறுவது எல்லா மனிதருக்கும் பொதுவானது, நான் ஒருத்தி மட்டும் தனியாகக் கெட்டுப்போனவள் அல்லள் என்று உணர்வது இரண்டாவது. வலியை மறைக்காமலும் ஊதிப் பெரிதாக்காமலும், உள்ளது உள்ளபடி பார்ப்பது மூன்றாவது. என் அனுபவத்தில் இந்த இரண்டாவதுதான் மிகக் கடினம். பிழை செய்தவுடன் நாம் ஊரிலிருந்து நம்மை நாமே ஒதுக்கிவைத்துவிடுகிறோம். என் பிழையைப் பற்றித் தமிழாசிரியையிடம் நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்ன அன்று, அவர் தாம் ஒருமுறை ஒரு கட்டு விடைத்தாளையே பேருந்தில் விட்டுவிட்டு இறங்கிய கதையைச் சொன்னார். பதினைந்து ஆண்டு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தும் இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை, பாருங்கள்.

இங்கே ஓர் ஐயம் வரும். நம் மண் பாடுபட்டுப் பிழைத்த மண். மேட்டாங்காட்டில் கிணறு வெட்டி, கல்லை உடைத்து, கடன் வாங்கித் தறி போட்டு மேலே வந்தவர்கள் நாம். தன்னைத்தானே தட்டிக்கொடுத்தால் பிள்ளைகள் சோம்பிப் போகமாட்டார்களா என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் ஆகிய இருவரும் மாணவர்களுக்கு மிகக் கடினமான ஒரு சொல்தேர்வை வைத்தார்கள். சரியாகச் செய்ய முடியாமல் போனவர்களில், தங்களிடம் பரிவோடு நடந்துகொள்ளுமாறு சொல்லப்பட்டவர்கள்தாம், அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள்.

ஆய்வைவிட எனக்கு எளிதில் விளங்குவது என் அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் கொரங்காடு. காங்கேயத்துக்குத் தெற்கே கிளுவை வேலி போட்டு, வெள்வேல மரங்கள் ஆங்காங்கே நிற்க, கொழுக்கட்டைப் புல் முளைத்த மேய்ச்சல் காடு அது. மழை பெய்து புல் தலையெடுக்கும் நேரத்தில் அவர் ஒரு பகுதியின் படலைச் சாத்திக் கட்டிவிடுவார். மாடு எவ்வளவு கத்தினாலும் திறக்கமாட்டார். ‘வேர் புடிக்கட்டும் அம்மிணி, இப்பவே மேய்ச்சா அடுத்த வருசத்துக்கு மண்ணுதான் மிச்சம்’ என்பார். காட்டைச் சும்மா போட்டுவிட்டார் என்று அவரை ஊரில் எவரும் சொன்னதில்லை. அது பண்ணயத்தில் ஒரு வேலை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதே ஊரில், உடம்பு முடியாமல் இரண்டு நாள் படுத்த பெண்பிள்ளையைத்தான் சோம்பேறி என்றார்கள்; அது வேறு கதை.

இப்போது நான் செய்வதெல்லாம் மிகச் சிறிய காரியம். ஏதாவது தவறிவிட்டால், எனக்குள் எழும் வாக்கியத்தை அப்படியே ஒரு பழைய நோட்டில் எழுதிவைக்கிறேன். பிறகு அதே வாக்கியத்தை, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்வேனோ, அப்படி ‘ங்க’ போட்டு மாற்றி எழுதுகிறேன். ‘உன்னால ஒரு வேலையும் உருப்படியா ஆகாது’ என்பதற்கு ‘ங்க’ போட்டுப் பாருங்கள். அந்த வாக்கியம் நிற்காது, உங்களுக்கே சிரிப்பு வந்துவிடும். ‘அச்சு எங்கே வளைந்திருக்கிறது’ என்று மூன்றாவதாக ஒரு வரி எழுதுவேன். சில நாள் அந்த வரிக்கு விடை கிடைக்கும்; பல நாள் கிடைக்காது. கிடைக்காத நாளில் நோட்டை மூடிவிட்டுப் போய்ச் சமையலைப் பார்ப்பேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளிருந்து திட்டும் குரல் வாரக்கணக்கில் ஓயாமல், தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்து, உயிர்மேலேயே வெறுப்பு வருமளவுக்குப் போனால், அதற்கு நோட்டும் பேனாவும் போதாது. அரசின் டெலிமனஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போக நாம் கூச்சப்படுவதில்லை அல்லவா?

இன்று காலை இந்த உரையைப் பதிவு செய்வதற்காக வீட்டிலிருந்து புறப்பட்டு, பேருந்து நிறுத்தம்வரை நடந்து வந்தபின்தான், மூக்குக்கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. எழுதிய உரை கையில் இருக்கிறது, வாசிக்கக் கண்ணாடி இல்லை. ‘கூறுகெட்டவளே’ என்று பழைய குரல் தொடங்கத்தான் செய்தது; இருபது ஆண்டுப் பழக்கத்தால் அது அடங்கிப்போய்விடவில்லை. ‘சரிங்க டீச்சர், போய் எடுத்துக்கிட்டு வாங்க’ என்று சொல்லிக்கொண்டு திரும்பி நடந்தேன். நான் பிடிக்கவிருந்த பேருந்து என் கண்ணெதிரே போய்விட்டது. அடுத்தது இருபது நிமிடம் கழித்து வந்தது. சன்னலோரத்தில் உட்கார இடமும் இருந்தது.

வணக்கம்.