கரண்டியில் ஒட்டுதா, ஓடுதா? 6 மாதப் பிள்ளையின் சாப்பாடு

[காட்சி: திருகோணமலையில் ஒரு வீட்டு அடுப்படி. மேசையில் இரண்டு கோப்பை, ஒரு கரண்டி.]

குரல்: இடப்பக்கம் கஞ்சித் தண்ணி. வலப்பக்கம் மசித்த சோறு. இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி அள்ளிச் சரித்துப் பாருங்கள்.

[அண்மைக் காட்சி: கரண்டி.]

முதலாவது ஓடிவிடுகிறது. மற்றது கரண்டியில் ஒட்டி நின்று, மெல்லத்தான் விழுகிறது. பிள்ளைக்கு வேண்டியது இதுதான்.

7 கிலோ எடையுள்ள பிள்ளையின் வயிறு ஒரு தரத்தில் 200 மில்லிலீற்றர் அளவே கொள்ளும். அதைக் கஞ்சித் தண்ணியால் நிரப்பினால் பிள்ளை பசியாறித் தூங்கிவிடும், எடை மட்டும் ஏறாது. "தொண்டையில் சிக்கும், தண்ணியாகக் குடு" என்று அம்மம்மா சொல்வது பாசத்தில்தான். ஆனால் 6 மாதம் முடிந்த பிள்ளைக்கு மசித்த சோற்றை விழுங்கத் தெரியும்.

[காட்சி: சட்டியில் அரிசியும் பருப்பும்.]

அரிசி 2 மேசைக்கரண்டி, மைசூர்ப் பருப்பு 1 மேசைக்கரண்டி. குழையும் வரை அவியுங்கள். இறக்க 5 நிமிடம் இருக்கும்போது ஒரு பிடி முருங்கை இலை. முள்ளுக்கரண்டியால் மசியுங்கள். பிளெண்டர் வேண்டாம், அதில் அடித்தால் மறுபடி கூழாகிவிடும். கடைசியில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்: அதிலேயே சுமார் 40 கிலோகலோரி. உப்பும் சீனியும் ஒரு வயது வரை வேண்டாம். தேனும் வேண்டவே வேண்டாம், நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பிள்ளையின் குடலில் வளர்ந்து, நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும்.

முதல் நாட்களில் 2, 3 மேசைக்கரண்டி போதும், நாளுக்கு 2 அல்லது 3 தரம். 9 மாதத்தில் அரைக் கோப்பை வீதம் 3, 4 தரம். தாய்ப்பால் நிற்கக்கூடாது.

[காட்சி: மீன் சந்தை.]

அடுத்தது இரும்புச்சத்து. பிறக்கும்போது உடம்பில் சேர்ந்திருந்தது 6 மாதமளவில் குறைந்துவிடும். அதன்பிறகு ஒரு வயது வரை நாளுக்கு 11 மில்லிகிராம் தேவை. தாய்ப்பாலில் லீற்றருக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. மீனும் இறைச்சியும் கோழி ஈரலும்தான் இதை நிரப்பும். கடல் பக்கத்திலேயே இருந்தும் "மீன் சூடு" என்று ஒரு வயது வரை தள்ளிப்போடுவது பெரிய நட்டம். கீரி, சூடை மலிவுதான், ஆனால் முள் அதிகம். தொடக்கத்துக்குப் பாரை அல்லது அறக்குளா நல்லது. அவித்து, சதையை இரண்டு விரலுக்கிடையில் நசுக்கித் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய முள் விரலுக்குத் தப்பாது.

மீன் இல்லாத நாளில் பருப்புச் சோற்றில் நாலு சொட்டு தேசிக்காய்ப் புளி விடுங்கள், பருப்பிலுள்ள இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும். இதற்கு நேரெதிர் தேத்தண்ணி. பிஸ்கட்டை அதில் நனைத்து ஊட்டும் பழக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வெளியே அனுப்பிவிடும்.

[காட்சி: கிளினிக் வளர்ச்சிப் பதிவேடு, எடைக் கோடு.]

கோடு மேலே போகாமல் படுத்திருக்கிறதா? அந்த மாதம் காய்ச்சல், வயிற்றோட்டம் ஏதும் வந்ததா என்று மிட்வைஃபிடம் சொல்லுங்கள். எடை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா என்ற சத்துமா தருவார்கள்: மாதத்துக்கு 750 கிராம் பைக்கற் இரண்டு, அதாவது நாளுக்கு 50 கிராம். அக்கா, அண்ணா, பின்னேரத் தேத்தண்ணிக்கு வந்த மாமா என்று எல்லாருக்கும் உருண்டை பிடித்தால், சின்னதுக்கு 10 கிராமும் மிஞ்சாது.