நாற்காலியை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ணக்கூடாது

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் எத்தனை வகை என்று கேட்டால், ஐந்து என்று பலர் கடகடவென ஒப்பித்துவிடுவார்கள். தனிப்பெயரான பிராப்பர், பொதுப்பெயரான காமன், கூட்டத்தைச் சொல்லும் கலெக்டிவ், மூலப்பொருளைச் சொல்லும் மெட்டீரியல், குணம், கருத்து போன்றவற்றைச் சொல்லும் அப்ஸ்ட்ராக்ட். நானும் அப்படி ஒப்பித்தவன்தான். வேலைக்குப் போன முதல் மாதமே மாட்டிக்கொண்டேன்.

கடிதம் எழுதும் வேலை. மேசை நாற்காலிகள் வந்து சேர்ந்தன என்று ஒருவருக்குத் தெரிவிக்க வேண்டும். ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று எழுதினேன். அடுத்த வரியில் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’. கடைசியில், மரியாதையாக இருக்கட்டும் என்று, ‘அட்வைசஸ்’. மேலாளர் எதையும் அடிக்கவில்லை. மூன்று ‘எஸ்’ மீதும் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கோ கோபம். நேரே போய், “சார், பன்னிரண்டு நாற்காலி கண்ணெதிரே கிடக்கிறது, எண்ணிப் பாருங்கள்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “நாற்காலியை எண்ணுப்பா, ஃபர்னிச்சரை எண்ணாதே” என்றார்.

அப்போது புரியவில்லை. நம் இலக்கணம் பெயரைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று பிரிக்கிறது. சொல் எதைக் குறிக்கிறது என்பதே அங்கே கணக்கு. அந்தக் கண்ணோடு ஆங்கிலத்துக்குப் போனால் இடிக்கும். அங்கே முதலில் கேட்க வேண்டியது, இந்தச் சொல் முன்னால் ‘எ’ ஏற்குமா, பின்னால் ‘எஸ்’ ஏற்குமா என்பதுதான். தமிழில் ஒரு தகவல், இரண்டு தகவல்கள் என்கிறோம். தகவலை நாம் எண்ணுகிறோம், ஆங்கிலம் எண்ணுவதில்லை. ‘எ பீஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ என்று துண்டு போட்டால்தான் எண்ணவிடும். லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க் எல்லாம் இந்தக் கூட்டம்தான். தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. ‘பத்து மரம்’ என்றால் போதும், ‘கள்’ வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அங்கே ‘எஸ்’ கட்டாயம்.

சரி, எண்ண முடியாதவற்றையாவது பட்டியலாக மனப்பாடம் செய்துவிடலாமா? அதுவும் முழுக்க உதவாது. ‘கிளாஸ்’ என்ற சொல்லையே பாருங்கள். ஜன்னலில் இருக்கும்போது அது வெறும் கண்ணாடி, எண்ண முடியாது. ‘எ கிளாஸ்’ என்றால் தண்ணீர் குடிக்கும் தம்ளர். ‘கிளாசஸ்’ என்றால் பல தம்ளர்கள், அல்லது மூக்கில் மாட்டியிருக்கும் கண்ணாடி. அயர்ன் இரும்பு, ‘அன் அயர்ன்’ இஸ்திரிப் பெட்டி. ஆக, வகை பல சமயம் சொல்லுக்குள் இல்லை, அதை நாம் வைக்கும் இடத்தில் இருக்கிறது.

பிராப்பர் நவுனும் அப்படித்தான். ஜேம்ஸ் வாட் என்ற மனிதரின் பெயருக்குப் பெரிய எழுத்து. அவர் பெயரால் வழங்கும் ‘வாட்’ என்ற திறன் அலகை முழுச் சொல்லாக எழுதினால் சின்ன எழுத்து. அதற்கு ‘எஸ்’ கூடச் சேரும். மனிதர் பெயர் காமன் நவுனாகிவிட்டது. தமிழ் எழுத்தில் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. நமக்கு இந்தக் கவலையே கிடையாது.

அப்புறம் கலெக்டிவ் நவுன்... நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள். ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். ‘டீம்’ என்ற சொல்லோடு பிரிட்டிஷ்காரர்கள் ‘இஸ்’ஸும் போடுவார்கள், ‘ஆர்’ரும் போடுவார்கள், அமெரிக்கர்கள் பெரும்பாலும் ‘இஸ்’தான். அப்ஸ்ட்ராக்ட் நவுனுக்கு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், அது பையிலேயே இருக்கட்டும். வணக்கம்.