கயிற்றின் நுனியில் காண்டாமிருகம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பழைய படத்தை எப்படி ரசிப்பது என்பதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. படத்தின் பெயர் ‘ஹட்டாரி’. 1962-இல் வெளிவந்தது. இயக்கியவர் ஹோவர்ட் ஹாக்ஸ், கதாநாயகன் ஜான் வெய்ன். கிழக்கு ஆப்பிரிக்காவில், அன்றைய டாங்கனிக்காவில், இன்றைய தான்சானியாவில், காட்டு விலங்குகளை உயிரோடு பிடித்து உயிரியல் பூங்காக்களுக்கு அனுப்புகிற ஒரு கூட்டத்தைப் பற்றிய படம்.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பூங்காக்களிடமிருந்து பட்டியல் வருகிறது. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, எருமை, குரங்கு என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். நடுநடுவே காதல், ஊடல், கேலி. பருவம் முடிகிறது, படமும் முடிகிறது. இதற்கு இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. கதையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே அலுத்துவிடும். அதனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். முகத்தைப் பார்க்காதீர்கள், கயிற்றைப் பாருங்கள். வெய்ன் எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் சரி, துரத்தல் தொடங்கிவிட்டால் கயிற்றை மட்டும் பாருங்கள்.

ஏனென்றால் அந்தக் கயிறு நிஜம். அதன் மறுநுனியில் இருக்கும் விலங்கும் நிஜம். பழக்கிய சர்க்கஸ் விலங்கல்ல, புல்வெளியில் அன்று காலை மேய்ந்துகொண்டிருந்த விலங்கு. வில்லி டி பியர் என்ற தொழில்முறை விலங்கு பிடிப்பாளர் படக்குழுவுக்கு வழிகாட்டியாக இருந்தார். அருஷா நகரத்தைச் சுற்றி, மேரு மலை அடிவாரத்து மொமெல்லாப் பகுதியில் படம் பிடித்தார்கள். வண்டியின் முன்புறம் உட்கார்ந்து கழியை நீட்டுவது நடிகர் வெய்ன்தான். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. காட்டு விலங்கு எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் வசனம் எழுதிவைக்க முடியாது. ஆகவே, கிடைத்த பிடிப்புகளைச் சுற்றித்தான் கதையைக் கட்டினார்கள். கதை தளர்வாக இருப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல, அந்த நேர்மைதான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, பிடிப்பது எப்படி? வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாது, சொல்லிப் பார்க்கிறேன். இரண்டு வண்டிகள் வேண்டும். ஒன்று பிடிக்கிற வண்டி, கனமான டிரக். அதன் முன் மட்கார்டின் மேல் ஓர் இருக்கையைப் பொருத்தியிருப்பார்கள். பிடிப்பவர் அதில் உட்கார்ந்து இடுப்பில் வாரைக் கட்டிக்கொள்வார். கையில் நீளமான கழி, அதன் நுனியில் விரித்து மாட்டிய சுருக்குக் கயிறு. சுருக்கு கழியோடு இறுகக் கட்டப்பட்டிருக்காது, இலேசாகத்தான் மாட்டியிருக்கும். கழுத்தில் விழுந்ததும் கழியிலிருந்து கழன்றுகொள்ளும். கயிற்றின் மறுமுனை வண்டியோடு பிணைக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது, மடக்குகிற வண்டி. சின்னது, வேகமானது. இதன் வேலை பிடிப்பதல்ல. விலங்கு அந்தப் பக்கமாக விலகிவிடாமல் திருப்பித் திருப்பி டிரக்கின் பக்கம் ஒதுக்கிவிடுவதுதான். கட்டை அறுத்துக்கொண்டு ஓடிய கன்றுக்குட்டியை இரண்டு பேர் சேர்ந்து மடக்கிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். கயிறு வைத்திருப்பவரைவிட எதிர்ப்பக்கம் ஓடி மறிப்பவருக்குத்தான் மூச்சு வாங்கும். அதையே ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில், பாதையே இல்லாத புல்வெளியில் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புல்வெளி பார்ப்பதற்குத்தான் சமம். புல்லுக்கு அடியில் காட்டுப்பன்றி வளைகள் இருக்கும். முன்சக்கரம் அதில் இறங்கினால் மட்கார்டில் இருப்பவரின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. வேலமரத்து முள் டயரைக் கிழிக்கும். முன்னால் போகிற வண்டி கிளப்பும் புழுதியில் பின்னால் வருகிற டிரைவருக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் இரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகாமல் விலகி விலகிப் போகும். படத்தில் கவனித்துப் பாருங்கள்.

பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது சுருக்கு விழுந்த பிறகு நடப்பதை. விழுந்தவுடன் டிரைவர் பிரேக்கை ஓங்கி மிதித்தால் விலங்கின் கழுத்து முறிந்துவிடும். மிதிக்காமலே போனால் கயிறு தொய்ந்து காலில் சிக்கும். விலங்கோடு சேர்ந்தே ஓடி, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும்படி கொண்டுவர வேண்டும். பிடிப்பவருக்குக் கிடைக்கும் கைதட்டலில் பாதி டிரைவருக்குச் சேர வேண்டியது. வண்டி நிற்பதற்கு முன்பே ஆட்கள் குதித்து ஓடுவார்கள். ஒருவர் வாலைப் பிடிப்பார், இரண்டு பேர் காதையோ கொம்பையோ பிடிப்பார்கள், இன்னொருவர் காலில் கயிறு போடுவார். இப்படி ஓடுகிறவர்களில் பலர் அந்த மண்ணின் ஆட்கள். படத்தில் அவர்களுக்குப் பெயரோ வசனமோ பெரிதாக இல்லை. அது படத்தின் குறை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கயிற்றைப் பார்க்கிற கண்ணுக்கு அவர்களுடைய கைகள் தெரியும். எவ்வளவு தேர்ந்த கைகள் என்பதும் தெரியும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். துரத்தல் குறுகியதாக இருக்க வேண்டும். நீண்ட நேரம் துரத்தினால் விலங்கின் உடல் சூடேறும், தசைகளில் அமிலம் சேரும், தசை நார்கள் சிதையும். பிடிக்கும்போது நன்றாகத்தான் நிற்கும். சில மணி நேரம் கழித்தோ, சில நாள் கழித்தோ கூண்டுக்குள் சரிந்து செத்துப்போகும். ஒட்டகச்சிவிங்கிக்கு இந்த ஆபத்து மிக அதிகம். அவ்வளவு உயரத்தில் இருக்கிற தலைக்கு இரத்தத்தை ஏற்ற வேண்டும் என்பதால் அதன் இரத்த அழுத்தம் நம்முடையதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. ஓடிக் களைத்த ஒட்டகச்சிவிங்கியைக் கீழே கிடத்தி வைத்தால் பிழைப்பது அரிது. படத்தில் துரத்தல்கள் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடுவது படத்தொகுப்பால் மட்டுமல்ல, தொழிலே அப்படித்தான். குறுகிய துரத்தல், உடனே நிழல், கண்ணை மறைக்க ஒரு துணி, திரும்ப இடமில்லாத ஒடுக்கமான கூண்டு. கூண்டு அகலமாக இருப்பது விலங்குக்கு வசதி என்று நமக்குத் தோன்றும். உள்ளே அது திரும்பினால் கழுத்தையோ காலையோ உடைத்துக்கொள்ளும்.

இனி காண்டாமிருகம். படம் தொடங்குவதே அதில்தான். பெயர் எழுத்துகள் வருவதற்கு முன்பே ஒரு காண்டாமிருகம் வண்டியை முட்டி, ஒருவர் காலில் கொம்பைப் பாய்ச்சிவிடுகிறது. அதற்குப் பிறகு கூட்டம் காண்டாமிருகத்தைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவைத்துவிடுகிறது. படத்தில் நிஜமான பதற்றம் என்றால் இதுதான். யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். பட்டியலில் ஒரு வரி பாக்கி இருக்கிறது, அந்த வரிக்குக் கொம்பு இருக்கிறது!

ஆப்பிரிக்கக் கருங்காண்டாமிருகம் ஒரு டன் எடையைத் தொடும். மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அந்தப் பருமனோடு சட்டென்று திரும்பவும் செய்யும், அதுதான் ஆபத்து. கண் மங்கல், காதும் மூக்கும் கூர்மை. வண்டி தெரியாவிட்டாலும் சத்தம் வருகிற இடத்தை முட்டும். தலையைத் தாழ்த்திக் கொம்பை மேல்நோக்கி வீசும் என்பதால் அடி விழுவது சக்கரத்துக்குப் பக்கத்தில், அதாவது பிடிப்பவர் உட்கார்ந்திருக்கும் இருக்கைக்கு நேர் கீழே. மற்ற விலங்குகளுக்குக் கழுத்தில் ஒரு சுருக்கு போதும். இதற்குத் தலையில் ஒன்று, காலில் ஒன்றாவது வேண்டும்.

கடைசியில் பிடிக்கிறார்கள். பிடித்ததும் அது கயிற்றிலிருந்து விடுபட்டு ஓடுகிறது. அது எழுதி வைத்த காட்சி அல்ல. நிஜமாகவே தப்பியது, அவர்களும் நிஜமாகவே திரும்பப் பிடித்தார்கள். ஹாக்ஸ் அதை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் ஆட்கள் ஓடும் ஓட்டத்தைக் கவனியுங்கள். கேமரா எங்கே இருக்கிறது என்று யாருக்கும் நினைவில்லை. கயிறு எங்கே விழுந்து கிடக்கிறது என்றுதான் தேடுகிறார்கள்.

நகைச்சுவைக்கு வருகிறேன். ரெட் பட்டன்ஸ் நடித்த பாக்கெட்ஸ் என்ற பாத்திரம் இருக்கிறதே, படத்தின் செல்லப்பிள்ளை அவன். துரத்துவதென்றாலே அவனுக்கு நடுக்கம். அவனிடம்தான் குரங்கு பிடிக்கும் வேலை வந்து சேர்கிறது. ஒரு மரம் நிறையக் குரங்குகள். ராக்கெட்டில் வலையைக் கட்டி மரத்துக்கு மேலாக விட்டு, மரத்தையே மூடிவிடலாம் என்பது அவன் திட்டம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ராக்கெட் வலை நிஜமான கருவி. 1940-களின் இறுதியில் இங்கிலாந்தில் பறவை ஆய்வாளர் பீட்டர் ஸ்காட் காட்டு வாத்துகளின் காலில் அடையாள வளையம் மாட்டுவதற்காக இப்படித்தான் வலை வீசினார். அதில் சிக்கல் எங்கே வரும் என்றால், எல்லா ராக்கெட்டுகளும் ஒரே கணத்தில் கிளம்ப வேண்டும். ஒன்று பிந்தினாலும் வலை கோணலாக இழுபட்டுச் சுருண்டு விழும். மரத்தில் வேறு தொல்லை: கிளையில் ஓர் இடத்தில் மாட்டினாலும் வலை இறங்காது. பாக்கெட்ஸுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததனால்தான் அந்தக் கணத்தில் கண்ணைத் திறந்து பார்க்க அவனுக்குத் துணிவில்லை. எல்லாம் வெற்றியாக முடிந்த பிறகு ஒவ்வொருவராகப் பிடித்து, “ராக்கெட் எப்படிப் போச்சு, இன்னொரு தரம் சொல்லு” என்று கேட்டுக்கொண்டே இருப்பான். தன் வாழ்நாள் சாதனையைத் தானே பார்க்காதவன்! அந்தக் காட்சியை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. வலைக்குள் குரங்கு பிடிக்கப் போகிறவர்கள் கடிபடாமல் இருக்க, கையில் கிடைத்ததையெல்லாம் கவசமாக மாட்டிக்கொண்டு வருவார்கள். அதையும் விட்டுவிடாதீர்கள்.

யானைக்கன்றுகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். எல்சா மார்ட்டினெல்லி நடித்த புகைப்படக்காரப் பெண் தாயில்லாக் கன்றுகளை எடுத்து வளர்க்கிறாள். பாலுக்காக ஆடுகளைத் தேடிக் கறக்கிற கூத்து வரும். நிஜத்தில் அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. பசும்பால் கொழுப்பு யானைக்கன்றுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு கண்டு உடல் வற்றி இறந்துவிடும். கென்யாவில் தாயில்லா யானைக்கன்றுகளை வளர்த்த டாஃப்னி ஷெல்ட்ரிக் என்ற பெண்மணி பல ஆண்டுகள் போராடி, தேங்காய்க் கொழுப்பு சேர்த்த குழந்தைப் பால்மாவுதான் கன்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்று கண்டார். அந்த வெற்றி 1970-களில்தான் வந்தது. கன்று பால் குடிக்கும்போது துதிக்கையைத் தாயின் உடம்பில் சாய்த்துக்கொள்ளும். தாய் இல்லாத கன்றுக்கு அங்கே ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு, அதன் பின்னாலிருந்து புட்டியை நீட்டுகிறார்கள்.

கயிறு போட்டுப் பிடிக்கும் இந்தத் தொழிலுக்கு அந்தப் படம் ஏறக்குறைய கடைசிச் சாட்சி. 1960-களிலேயே எம்-99 என்கிற எட்டார்ஃபின் மயக்க மருந்து வந்துவிட்டது. ஊசித் துப்பாக்கியால் சில மில்லிகிராம் செலுத்தினால் காண்டாமிருகம் நின்றுவிடும், மாற்று மருந்து கொடுத்தால் எழுந்துவிடும். படம் எடுத்த காலத்தில் புதரெல்லாம் இருந்த கருங்காண்டாமிருகம், கொம்புக்காக வேட்டையாடப்பட்டு, 1995 வாக்கில் ஆப்பிரிக்கா முழுவதிலும் இரண்டாயிரத்து நானூறு அளவுக்குக் குறைந்துபோனது. பிறகு பாதுகாத்ததில் மெல்ல ஏறிவருகிறது. காட்டில் பிடித்துப் பூங்காவுக்கு விற்பது இன்றைக்குச் சரியல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்காக அந்தக் கைகளின் தேர்ச்சியை ரசிக்காமல் இருக்க வேண்டியதும் இல்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். இசையைப் பற்றி இன்னும் பேசவே இல்லை! சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இசை ஹென்றி மான்சினி. யானைக்கன்றுகள் தண்ணீருக்குப் போகிற காட்சிக்கு அவர் போட்ட மெட்டு கிராமி விருது பெற்றது. படம் பார்க்காதவர்கள்கூட எங்கேயாவது அதைக் கேட்டிருப்பார்கள். சர்க்கஸ் வாத்தியம் போல ஒன்று தாளத்தைத் தொடங்கும், அதன்மேல் கிளாரினெட் குறும்பாக வந்து ஏறும். அடுத்த முறை கேட்கும்போது தாளத்தை விரலால் தட்டிப் பாருங்கள், குட்டிக் கால்களின் நடை பிடிபடும். மீதியை இன்னொரு வாய்ப்பில் பேசுவோம். வணக்கம்.