பாறையை விட்டு இறங்காத ஜோடி

நேயர்களுக்கு வணக்கம். ஆப்பிரிக்க மான் என்றதும் புல்வெளியில் கூட்டம் கூட்டமாக ஓடும் மான்கள்தான் நம் நினைவுக்கு வரும். இன்று நான் சொல்லப்போவது கூட்டமே சேராத ஒரு சின்ன மானைப் பற்றி. பெயர் கிளிப்ஸ்பிரிங்கர். தோள் வரை அளந்தால் இரண்டடிக்குள்தான் இருக்கும். எத்தியோப்பியாவின் சிமியன் மலைகளில் தொடங்கித் தென்னாப்பிரிக்கா வரை, செங்குத்துப் பாறை உள்ள இடங்களில் வாழ்கிறது. சமவெளி நடுவே தனியாக நிற்கும் பாறைக்குன்று கிடைத்தாலும் போதும். கிளிமஞ்சாரோவில் 4,000 மீட்டருக்கு மேலேயும் பார்த்திருக்கிறார்கள்.

இது குளம்பின் நுனியில் நிற்கிற மான். நான்கு கால்களையும் ஒன்றாகக் குவித்து, உள்ளங்கை அகலப் பாறை முனையில்கூட நின்றுவிடும். முடியும் விசித்திரமானது: உள்ளே குழலாக, தடிப்பாக, தொட்டால் உதிரக்கூடியதாக இருக்கும். மலையின் இரவுக் குளிரையும் பகல் வெயிலையும் அது தடுக்கிறது. அந்த முடியைக் குதிரைச் சேணத்துக்குள் அடைப்பதற்காகவே முன்பு இவற்றை வேட்டையாடினார்கள்.

எனக்குப் பிடித்தது இதன் குடும்ப வாழ்க்கை. ஆணும் பெண்ணும் ஆண்டு முழுவதும் சேர்ந்தே திரியும். பெரும்பாலும் சில மீட்டருக்கு மேல் பிரிவதில்லை. 1970களில் ஆய்வாளர்கள் ராபின் டன்பரும் பாட்சி டன்பரும் சிமியனில் இதைக் கூர்ந்து கவனித்தார்கள். மனிதர் ஒருவரால் சுமார் 150 பேரோடுதான் நிலையான உறவு வைத்துக்கொள்ள முடியும் என்று பிற்பாடு சொன்னாரே, அதே ராபின் டன்பர்தான். காதல் என்று நாம் உருகலாம். எனக்கென்னவோ இது காவல் ஏற்பாடாகத்தான் தெரிகிறது. தளிரும் பூவும் தேடித் தின்னும்போது தலை குனிந்தே இருக்கும். சிறுத்தையோ நரியோ வந்தால் யார் பார்ப்பது? அதனால் ஒன்று மேயும்போது மற்றது பாறை மேல் நின்று சுற்றிலும் பார்க்கும். இந்த வேலையில் ஆணுக்குத்தான் கூடுதல் பங்கு. அந்த நேரத்தில் பெண் நன்றாக மேய்ந்துகொள்ளும். குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டியவள் அல்லவா!

ஆபத்து தெரிந்தால் கூர்மையான விசில் சத்தம் எழுப்பும். ஒன்று கூப்பிட்டதும் மற்றது உடனே பதில் கொடுக்கும். 'உன்னைப் பார்த்துவிட்டோம், இனிப் பதுங்கிப் பயனில்லை' என்று எதிரிக்கே சொல்கிற குரல் அது என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒளிந்துகொள்ளாமல் உச்சியில் நின்றே கத்துவதைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அப்புறம் எல்லைக் குறி. கண்ணுக்கு முன்னால் உள்ள சுரப்பியைக் குச்சி நுனியில் தேய்த்து, கறுப்புப் பிசின் போன்ற ஒன்றை ஒட்டிவிட்டுப் போகும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஒரு வகை உண்ணி இந்த வாசனையைத் தேடி அதே குச்சிகளில் ஏறிக் காத்திருக்கும். மான் திரும்பவும் குறி வைக்க வரும்போது தொற்றிக்கொள்ளும். வீட்டுக்காரர் பெயர்ப்பலகை மாட்டினால் அதன் கீழேயே கடன்காரர் வந்து உட்கார்ந்துகொள்வது போலத்தான்! அந்த உண்ணிகளைப் பொறுக்கித் தின்னச் செவ்விறகு மைனாக்கள் மானின் முதுகில் வந்து அமர்வதும் உண்டு.

குட்டி முதல் இரண்டு மூன்று மாதம் பாறை இடுக்கில் ஒளிந்தே வளரும். தாய் அவ்வப்போது வந்து பால் கொடுத்துப் போகும். சுமார் ஒரு வயதானதும் அது பெற்றோரை விட்டுப் பிரிந்து, தனக்கென்று வேறு பாறையும் துணையும் தேடிப் போய்விடும்.